கலப்பு நவீனத்துவம்: தென்னிந்தியத் திரையரங்குகளின் மறைவும் அதைப் பதிவுசெய்த கலைஞர்களும்

தென்னிந்தியாவின் பழைய ஒற்றைத்திரை அரங்குகள் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வருகின்றன. அவை முற்றிலும் மறைவதற்கு முன் ஒளிப்படங்களாகப் பதிவுசெய்தவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள், ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றிய சபீனே ஹாபிட்ஸ் (1959–2014), ஸ்டெஃபனி சோகே (பிறப்பு 1965) என்னும் இரு பெண் கலைஞர்கள். தமிழகம் உள்ளிட்ட தென் மாநிலங்களில் இவர்கள் எடுத்த திரையரங்குப் படங்கள் 2016ஆம் ஆண்டு லைப்சிக் நகரின் ஸ்பெக்டர் புக்ஸ் பதிப்பகத்தால் நூலாக வெளியிடப்பட்டன. நூலின் பெயர் 'ஹைப்ரிட் மாடர்னிசம்: மூவி தியேட்டர்ஸ் இன் சவுத் இந்தியா'. 'கலப்பு நவீனத்துவம்: தென்னிந்தியத் திரையரங்குகள்' என்று இதைத் தமிழில் சொல்லலாம்.

திரையரங்கு என்பது படம் பார்க்கும் கட்டடம் மட்டும்தானா? தமிழ்ச் சமூகத்தில் அது, காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய எவரும் உள்ளே வந்து உட்காரலாம் என்று சொன்ன முதல் பொதுப் பொழுதுபோக்கிடங்களில் ஒன்று. அந்த வாக்குறுதி எவ்வாறு உருவானது, எந்த அளவுக்கு நிறைவேறியது, கட்டடங்கள் மறையும்போது அது என்னவாகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. விழுப்புரம், திண்டிவனம் பகுதி மாணவர்களை மனத்தில் கொண்டு, அப்பகுதி சார்ந்த செய்திகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

பொதுப் பொழுதுபோக்கிடம் என்னும் கனவு

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலகின் பல நாடுகளில் ஒரு புதிய எண்ணம் பரவியது. ஓய்வு நேரம் என்பது செல்வர்களுக்கு மட்டும் உரியதன்று. உழைக்கும் மக்களுக்கும் அழகான, வசதியான பொது இடங்கள் வேண்டும் என்பதே அது. சோவியத் ஒன்றியத்தில் தொழிலாளர் மன்றங்கள் கட்டப்பட்டன. கான்ஸ்டன்டின் மெல்னிக்கோவ் வடிவமைத்து 1920களின் இறுதியில் மாஸ்கோவில் எழுந்த ருசக்கோவ் தொழிலாளர் மன்றம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் 1930களில் நகராட்சிகள் திறந்தவெளி நீச்சல் குளங்களைக் கட்டின. கட்டடத்தின் வடிவமே மனிதர்களைச் சமமாக்கும் என்று அக்காலக் கட்டடக் கலைஞர்கள் பலர் நம்பினர்.

சுதந்திர இந்தியாவில் இந்த நம்பிக்கையின் பெரிய அடையாளம் சண்டிகர் நகரம். லெ கொர்பூசியே 1951 முதல் அதன் திட்டத்தை வகுத்தார். அந்நகரின் 17ஆம் செக்டாரில் வணிக மையத்தின் நடுவே நீலம் என்னும் திரையரங்கும் இடம்பெற்றது. அதை வடிவமைத்தவர் ஆதித்ய பிரகாஷ். புதிய நகரத்தில் திரையரங்கும் குடிமக்களுக்கு வேண்டிய பொது இடமாகவே கருதப்பட்டது என்பதற்கு இது சான்று.

விழுப்புரம் மாவட்டத்திலும் அறிவிக்கப்பட்ட கனவூர் ஒன்று உண்டு. 1968 பிப்ரவரி 28 அன்று வானூர் வட்டாரத்தில் தொடங்கப்பட்ட ஆரோவில் நகரம் அது. நாடு, மதம், அரசியல் ஆகிய வேறுபாடுகளைக் கடந்து மக்கள் ஒன்றாக வாழ வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அதே மாவட்டத்தின் சிற்றூர்களில், யாரும் அறிவிக்காமலே, அதற்கு வெகுகாலம் முன்பே வேறொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. அது நடந்த இடம் கீற்றுக் கொட்டகை.

கூத்துக்களமும் கொட்டகையும்

திரைப்படம் வருவதற்கு முன் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களின் பெரும் பொது நிகழ்ச்சி தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை இவ்வழிபாட்டின் மூலக் கோயில்களில் ஒன்றாக ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் விரிவாக ஆராய்ந்துள்ளார். கூத்து இலவசம், திறந்தவெளியில் நடப்பது. ஆயினும் அது கோயில் சார்ந்த நிகழ்ச்சி. ஆகவே யார் எங்கே நிற்கலாம், யார் எதுவரை வரலாம் என்பதை ஊர் வழக்கம் தீர்மானித்தது. செல்வர் வீட்டுக் கச்சேரியும் சதிரும் அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே உரியவை.

இந்தச் சூழலில்தான் ஊர் ஊராகப் படம் காட்டும் தொழில் தோன்றியது. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883–1942), டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி 1905இல் காட்சிகள் நடத்தத் தொடங்கினார். பின்னர் கூடாரத்துடன் பல ஊர்களுக்குச் சென்றார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை நிறுவினார். சென்னையில் 1913இல் எலெக்ட்ரிக் தியேட்டர் தோன்றியது. அந்தக் கட்டடம் இன்று அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் உள்ளது. 1914இல் ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி, சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் திரையரங்கு. 1931இல் 'காளிதாஸ்' வெளியாகிப் பேசும் படம் வந்தபின், ஊர் ஊராகச் சென்ற காட்சிகளுக்கு 'டூரிங் டாக்கீஸ்' என்ற பெயர் நிலைத்தது.

டூரிங் டாக்கீஸின் அமைப்பை இன்றைய மாணவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகக் காண்போம். சவுக்குக் கம்பங்கள் மேல் தென்னங்கீற்று வேய்ந்த கொட்டகை. பக்கங்கள் பாதி திறந்திருக்கும். ஆகவே இருட்டிய பிறகே முதல் ஆட்டம். மின்சாரம் எட்டாத ஊர்களில் டீசல் எஞ்சின். பெரும்பாலும் ஒரே புரொஜெக்டர்தான் இருக்கும். ஒவ்வொரு ரீல் தீர்ந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அதனால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளைகள் வரும். அந்த நேரத்தில் முறுக்கு, கடலை மிட்டாய், சோடா, கலர் விற்பவர்கள் உள்ளே சுற்றி வருவார்கள். மாலையில் கொட்டகையின் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராசன் பாடிய பிள்ளையார் பாட்டு ஒலித்தால், சீட்டுக் கொடுக்கப் போகிறார்கள் என்று சுற்றுவட்டாரமே அறிந்துகொள்ளும். பகலில் மாட்டுவண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போவார்கள்.

1955ஆம் ஆண்டின் திரையரங்கு ஒழுங்குமுறைச் சட்டமும் 1957ஆம் ஆண்டின் விதிகளும் இத்தொழிலை முறைப்படுத்தின. டூரிங் கொட்டகைக்குக் குறிப்பிட்ட காலத்துக்கே உரிமம் கிடைக்கும். அதனால்தான் அவை கல் கட்டடமாக மாறாமல், கழற்றி மாட்டக்கூடிய கீற்றுக் கொட்டகையாகவே இருந்தன. இதனால் பின்னாளில் அவை இருந்த தடமே இல்லாமல் போயிற்று. வயலாகவோ வீட்டுமனையாகவோ மாறிய ஓரிடத்தைக் காட்டி 'இங்கேதான் கொட்டகை இருந்தது' என்று முதியவர்கள் சொன்னால்தான் உண்டு.

ஒரே கூரையின் கீழ்

தமிழ்த் திரையரங்கின் சமூகப் பொருளை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011). 1981இல் ஆங்கிலத்தில் வெளியான, தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்த தமது சிறு நூலில் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகலைக் களம் திரையரங்குதான் என்பது அக்கருத்து. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பால் வரும் படிநிலை அன்று; சீட்டு வாங்கும் சக்தி.

இதன் முக்கியத்துவத்தை உணரக் காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆலய நுழைவு நிகழ்ந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். அதற்கும் பல ஆண்டுகள் முன்பே திரைக் கொட்டகை வந்துவிட்டது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்த ஊரில், கொட்டகையின் சீட்டு ஒரே நிறத்தில் இருந்தது.

கொட்டகைக்குள்ளும் வகுப்புகள் இருந்தன என்பது உண்மையே. முன்னால் மணல் தரை, அடுத்துப் பெஞ்சு, பின்னால் நாற்காலி. நிலையான அரங்குகளில் அதற்கு மேல் பால்கனி. பெண்களுக்குத் தனிச் சீட்டுக் கவுண்டர். தரையில் ஆண் பக்கம், பெண் பக்கம் என்று நடுவே தடுப்பு. ஆனால் தரைச் சீட்டுக்காரர் கையில் இன்னும் சிறிது காசு சேர்ந்தால் பெஞ்சில் உட்காரலாம். பிறப்பின் படிநிலையில் அப்படி நகர முடியாது. தரைக்கும் சில தனி உரிமைகள் உண்டு. முன்னால் இருப்பவர் மறைத்தால் மணலைக் குவித்து அதன் மேல் ஏறி உட்காரலாம். கூடவே மறைக்கிறதே என்று பின்னால் இருப்பவர் சண்டையும் போடலாம்!

இந்தக் கூடுகையின் அரசியல் விளைவுகளைப் பலர் எழுதியுள்ளனர். சு. தியடோர் பாஸ்கரன், எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆகியோரின் ஆய்வுகள் இத்துறையில் அடிப்படையானவை. 1952 தீபாவளிக்கு வெளியான 'பராசக்தி' மூலம் திரைக்கு வந்த விழுப்புரம் சின்னையா கணேசன், சிவாஜி கணேசனாக அறியப்பட்டார். அவர் பெயரின் முதலெழுத்தில் விழுப்புரம் நிலைத்திருக்கிறது. அப்படத்துக்கு வசனம் எழுதிய மு. கருணாநிதி 1969இல் முதலமைச்சரானார். தரைச் சீட்டுக்காரர்கள் வாக்காளர்களும் ஆனதன் வரலாறு அது.

எனினும் திரையரங்கு சாதியை ஒழித்துவிட்டது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. ஆட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள் ஊருக்கும் சேரிக்குமாகப் பிரிந்தே நடந்தார்கள். 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த வன்முறையில் பட்டியல் சாதியினர் 12 பேர் கொல்லப்பட்டனர். அப்போது அந்நகரம் பல தலைமுறைகளாகத் திரைப்படம் பார்த்து வந்த நகரம். ஒரே கூரையின் கீழ் மூன்று மணி நேரம் அமர்வது ஒரு சாத்தியத்தைக் காட்டியது. வாழ்க்கையை மாற்றப் போதுமானதாக இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாதுகாப்பின் பக்கமும் அப்படியே. கீற்றுக் கொட்டகையை ஏக்கத்தோடு நினைவுகூர்பவர்கள், 1979 ஜூலையில் தூத்துக்குடியில் கீற்றுக் கூரையுடைய திரையரங்கு ஒன்று தீப்பிடித்து எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

கான்கிரீட் மாளிகைகள்

1950 முதல் 1970 வரையிலான காலம் தமிழகத்தில் நிலையான அரங்குகள் பெருகிய காலம். மதுரையில் 1952இல் 'பராசக்தி'யுடன் தொடங்கிய தங்கம் திரையரங்கு 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளைக் கொண்டிருந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று அந்நாளில் பெருமையாகப் பேசப்பட்டது. சென்னையில் 1961இல் சாந்தி திறக்கப்பட்டது. 1964இல் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு ஆகிய மூன்று அரங்குகள் ஒரே வளாகத்தில் அமைந்தன. புளூ டைமண்டில் தொடர்காட்சி முறை இருந்தது. ஒரு சீட்டு வாங்கினால் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், விரும்பும்வரை இருக்கலாம்.

மாவட்ட நகரங்களிலும் உள்ளூர் வணிகர்கள் அரங்குகள் கட்டினர். நெல், மணிலாக் கொட்டை வியாபாரத்தில் சேர்ந்த பணம் இத்தகைய முதலீடுகளுக்குப் போனது. விழுப்புரம் ஐந்து திசை ரயில் பாதைகள் கூடும் சந்திப்பு. திண்டிவனம் சென்னை, திருச்சி, புதுச்சேரி, திருவண்ணாமலை சாலைகள் சந்திக்கும் ஊர். சந்தைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்த கிராமத்து மக்கள், ஒரு படமும் பார்த்துவிட்டுக் கடைசிப் பேருந்தைப் பிடிப்பது வழக்கமாக இருந்தது.

இக்கட்டடங்களுக்குப் பொதுவான சில கூறுகள் உண்டு. முகப்பில் செங்குத்தான கான்கிரீட் பட்டைகள்; அரங்கின் பெயரைத் தாங்கும் உயர்ந்த தூண்; வெயிலைத் தடுக்கும் துளைச் செங்கல் அல்லது ஜாலி சுவர்; மொசைக் தரை; வளைந்து ஏறும் படிக்கட்டு; நியான் விளக்கு எழுத்துகள். மேல்நாட்டு ஆர்ட் டெகோவும் கொர்பூசியே வழி வந்த நவீனத்துவமும், உள்ளூர்க் கொத்தனாரின் கைவண்ணமும், கோயில் திருவிழாவின் நிறங்களும் இவற்றில் கலந்துள்ளன. தாமரை, மயில், அரைவட்டச் சூரியன் போன்ற உருவங்கள் கான்கிரீட் பட்டைகளுக்கு நடுவே அமர்ந்திருக்கும். ஹாபிட்ஸும் சோகேயும் தங்கள் நூலுக்குக் 'கலப்பு நவீனத்துவம்' என்று பெயரிட்டது இதனால்தான்.

மிதிவண்டியிலும் மாட்டுவண்டியிலும் வந்த ஒருவருக்கு, தம் வாழ்நாளில் நுழைந்த மிகப் பெரிய நவீனக் கட்டடம் பெரும்பாலும் இந்தத் திரையரங்காகவே இருந்திருக்கும். அதன் படிக்கட்டில் ஏறுவதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சரிவுக்கான காரணங்கள்

திரையரங்குகளின் சரிவுக்குத் தொலைக்காட்சி ஒன்றையே காரணமாகச் சொல்வது வழக்கம். உண்மையில் பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

முதலாவது, வீட்டுக்குள் வந்த திரை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1980களில் வீடியோ கேசட்டுகள் பரவின. 1993 ஏப்ரலில் சன் டிவி தொடங்கியது. 2006க்குப் பின் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஏழை வீடுகளுக்கும் திரையைக் கொண்டுசேர்த்தது.

இரண்டாவது, வெளியீட்டு முறையில் ஏற்பட்ட மாற்றம். இது அதிகம் பேசப்படாதது. முன்பு ஒரு படத்துக்குக் குறைந்த எண்ணிக்கையிலேயே பிரிண்ட் போடுவார்கள். படம் முதலில் 'ஏ சென்டர்' எனப்படும் பெருநகரங்களில் ஓடும். பிறகு விழுப்புரம் போன்ற 'பி சென்டர்'. கடைசியில் 'சி சென்டர்' கிராமக் கொட்டகை. வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களைச் சேர்த்து விநியோகஸ்தர்கள் 'என்.எஸ்.சி. ஏரியா' என்பார்கள், விழுப்புரமும் திண்டிவனமும் இதில் அடங்கும். தேய்ந்து கீறல் விழுந்த பிரிண்ட் மாதக் கணக்கில் இந்த ஏரியாவுக்குள் சுற்றும். ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைகள் பகிர்ந்துகொண்டு, ரீல் பெட்டியை மிதிவண்டியில் மாற்றி மாற்றிக் கொண்டுபோவதும் உண்டு. 2000களில் சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனத்தின் கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் வந்தபின், பிரிண்ட் செலவு இல்லாமல் எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் படம் வெளியிட முடிந்தது. கேட்க இது சமத்துவமாகத் தோன்றும். ஆனால் முதல் வாரத்திலேயே வசூல் முடிந்துவிட்டதால், இரண்டாம் மூன்றாம் சுற்றை நம்பியிருந்த சிறு கொட்டகைகளுக்குப் படமே இல்லாமல் போயிற்று.

மூன்றாவது, நிலத்தின் விலை. பேருந்து நிலையத்துக்கு அருகே பெரிய மனையில் நிற்கும் அரங்கைவிட, அந்த மனையில் எழும் திருமண மண்டபமோ ஜவுளிக்கடையோ அதிக வருமானம் தரும். நான்காவது, வரியும் கட்டணமும். 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரியோடு உள்ளாட்சி கேளிக்கை வரியும் சேர்ந்தபோது, தமிழகத் திரையரங்குகள் சில நாட்கள் காட்சிகளை நிறுத்திப் போராடின. கடைசி அடியாக வந்தது கொரோனா தொற்று. 2020 மார்ச்சில் மூடப்பட்ட அரங்குகள் நவம்பர் 10 அன்று, பாதி இருக்கைகளோடு மட்டுமே திறக்க அனுமதிக்கப்பட்டன. சில அரங்குகள் பிறகு திறக்கவே இல்லை.

மதுரை தங்கம் இடிக்கப்பட்டது. சாந்தி 2016இல் மூடப்பட்டது. சென்னை அசோக் நகரில் 1983 முதல் இயங்கிய உதயம் 2024இல் மூடப்பட்டது. ஆனால் அந்தப் பகுதியை மக்கள் இன்னும் 'உதயம்' என்றே சொல்கிறார்கள். கட்டடம் போனாலும் பெயர் சில காலம் பேருந்து நிறுத்தத்தில் வாழும்.

ஹாபிட்ஸ், சோகே: படமெடுத்த முறை

ஹாபிட்ஸும் சோகேயும் 1998 முதல் 'ஹாபிட்ஸ்+சோகே' என்ற கூட்டுப் பெயரில் பணியாற்றினர். ஒளிப்படம், காணொளி, நிறுவுகலை ஆகியவை இவர்களின் துறைகள். 2006இல் 'சினாய் ஹோட்டல்ஸ்' என்னும் படத்தொகுப்பை வெளியிட்டனர். எகிப்தின் சினாய் கடற்கரையில் சுற்றுலாவை நம்பிக் கட்டத் தொடங்கி, பாதியில் கைவிடப்பட்ட விடுதிகளின் கான்கிரீட் எலும்புக்கூடுகளே அத்தொகுப்பின் பொருள். பொழுதுபோக்குக்காக எழுப்பப்பட்டுத் தோற்றுப்போன கட்டடங்கள்மீது இவர்களுக்கு அப்போதே ஈடுபாடு இருந்தது. சினாயில் அவர்கள் படமெடுத்தவை வாழத் தொடங்காத கட்டடங்கள். தென்னிந்தியாவில் படமெடுத்தவை வாழ்ந்து முடித்த, அல்லது முடிக்கும் தறுவாயில் இருந்த கட்டடங்கள்.

2010களின் தொடக்கத்தில் தென் மாநிலங்களில் பயணம் செய்து இவர்கள் திரையரங்குகளைத் தேடினர். முகப்பை நேருக்கு நேராக, நிதானமாகப் பதிவுசெய்வது இவர்களின் வழி. பெர்ன்ட் பெக்கர் (1931–2007), ஹில்லா பெக்கர் (1934–2015) தம்பதியர் ஜெர்மனியில் சுரங்கக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் வரிசை வரிசையாகப் படமெடுத்து உருவாக்கிய மரபு இங்கே நினைவுக்கு வரும். ஒரே வகைக் கட்டடங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, ஒவ்வொன்றின் தனித்தன்மையும் எல்லாவற்றின் பொதுத்தன்மையும் ஒருங்கே தெரியும் என்பது அம்மரபின் அடிப்படை. பெக்கர் தம்பதியர் கருப்பு வெள்ளையில் எடுத்தார்கள். ஹாபிட்ஸும் சோகேயும் வண்ணத்தில் எடுத்தார்கள். ரோஸ், மஞ்சள், பச்சை, நீலம் என்று பூசப்பட்ட நம் ஊர் அரங்குகளை வண்ணமில்லாமல் காட்ட முடியாதல்லவா!

2014இல் சபீனே ஹாபிட்ஸ் காலமானார். நூல் வெளிவந்தபோது அவர் இல்லை. கட்டடக் கலைஞர் ரோஹன் சிவகுமார், தெலுங்குத் திரைப்பட ஆய்வாளர் எஸ்.வி. ஸ்ரீனிவாஸ் ஆகியோரின் கட்டுரைகள் நூலில் இடம்பெற்றுள்ளன.

இந்நூலின் பயன் என்ன? கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் தொல்லியல் துறையின் பாதுகாப்பு உண்டு. 1960களின் சினிமா தியேட்டரைப் பாரம்பரியக் கட்டடம் என்று நாம் நினைத்ததில்லை. அன்றாடம் கடந்துபோகும் பொருளைக் கலையாகப் பார்க்க, வெளியிலிருந்து வந்த கண் தேவைப்பட்டது.

இதே பணியில் பிறர்

இத்துறையில் இந்தியக் கலைஞர்களின் பங்கும் பெரியது. 'கம்பெனி', 'மக்பூல்' முதலிய இந்திப் படங்களின் ஒளிப்பதிவாளரான ஹேமந்த் சதுர்வேதி, அலகாபாத்தின் லட்சுமி டாக்கீஸ் இடிக்கப்படவிருப்பதை அறிந்து 2019இல் அதைப் படமெடுக்கப் போனார். அதிலிருந்து தொடங்கிப் பல மாநிலங்களில் பயணம் செய்து நூற்றுக்கணக்கான ஒற்றைத்திரை அரங்குகளைப் பதிவுசெய்துள்ளார். முகப்போடு நில்லாமல் புரொஜெக்டர் அறை, இருக்கை, சீட்டுக் கவுண்டர், அங்கே வேலை பார்த்தவர்கள் என உள்ளே சென்று பார்ப்பது அவர் முறை.

மகாராஷ்டிரத்தின் கூடாரத் திரையரங்குகளை ஷெர்லி ஆபிரகாம், அமித் மதேஷியா இருவரும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். அவர்களின் 'தி சினிமா டிராவலர்ஸ்' ஆவணப்படம் 2016இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டுச் சிறப்புக் குறிப்பு பெற்றது. நம் டூரிங் டாக்கீஸுக்கு இத்தகைய பதிவு வாய்க்கவில்லை என்பதை அப்படத்தைப் பார்க்கும் தமிழர் உணராமல் இருக்க முடியாது.

உலக அளவில் ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1970களின் பிற்பகுதியிலிருந்தே திரையரங்குகளைப் படமெடுத்து வருகிறார். ஒரு முழுப் படம் ஓடி முடியும்வரை கேமராவைத் திறந்து வைப்பார். படத்தின் எல்லாக் காட்சிகளும் சேர்ந்து திரை வெறும் வெண்மையாகப் பதியும். பிரெஞ்சுக் கலைஞர்கள் இவ் மார்ஷான், ரொமேன் மெஃப்ர் ஆகியோர் அமெரிக்காவின் கைவிடப்பட்ட திரை மாளிகைகளைத் தொகுத்தனர். அவற்றில் சில வாகன நிறுத்தமாகவும் கிடங்காகவும் கூடைப்பந்துக் களமாகவும் மாறியிருப்பதைக் காணலாம்.

படம் காட்டுவதும் காட்டாததும்

முகப்பின் ஒளிப்படம் கட்டடத்தின் வடிவத்தைக் காக்கும். ஆனால் திரையரங்கின் வாக்குறுதி முகப்பில் இல்லை. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்பதில் இருந்தது. எவ்வளவு சிறந்த கலைஞராக இருந்தாலும், காலியான இருக்கையைப் படமெடுத்து அதைச் சொல்ல முடியாது.

அந்த வாக்குறுதி பழங்கதை அன்று என்பதற்கு அண்மை நிகழ்ச்சி ஒன்று போதும். 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கு ஒன்றில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் சீட்டு இருந்தும் முதலில் உள்ளே விடப்படவில்லை. அக்காட்சி காணொளியாகப் பரவிப் பெரும் கண்டனம் எழுந்தது. படத்தின் தணிக்கைச் சான்றிதழும் குழந்தைகளின் வயதுமே காரணம் என்று அரங்கு விளக்கம் அளித்தது. குடும்பத்தினர் பின்னர் படம் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். சீட்டு இருந்தால் உள்ளே விட வேண்டும் என்பதைத் தமிழ்ச் சமூகம் எவ்வளவு ஆழமாக நம்புகிறது என்பதை அந்தக் கண்டனம் காட்டியது. நூறாண்டுத் திரையரங்கு வரலாறு நமக்குக் கற்றுக்கொடுத்த விதி அது.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இருக்கும் பல்திரை அரங்குக்குப் போக, காவலர்களையும் கடைகளையும் நகரும் படிக்கட்டையும் கடக்க வேண்டும். தமிழக விதியின்படி முன்வரிசையில் வெகுகாலம் 10 ரூபாய்ச் சீட்டு இருந்தது. அது பழைய தரைச் சீட்டின் நிழல். ஆனால் அந்தச் சீட்டுக்கு உரியவர், வளாகத்தின் வாசலைக் கடந்து வருவது எளிதாக இருந்ததா? வீட்டுத் திரையிலும் கைப்பேசியிலும் படம் பார்ப்பது மலிவு. ஆனால் அங்கே பக்கத்து இருக்கை என்பதே இல்லை.

விழுப்புரம், திண்டிவனம் மாணவர்களுக்கு

தென் ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்பட்டது. இப்பகுதியின் கல்வெட்டுகள், செஞ்சிக் கோட்டை, தெருக்கூத்து ஆகியவை பற்றி நூல்கள் உள்ளன. நம் திரையரங்குகள் பற்றி எழுதும் பணி மிச்சம் இருக்கிறது. வெளிநாட்டுக் கலைஞர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியும் ஒரு குறிப்பேடும் போதும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊரின் ஒரு திரையரங்கையோ டூரிங் கொட்டகையையோ எடுத்துக்கொண்டு பின்வருவனவற்றைத் திரட்டலாம்.

1. அரங்கின் பெயர், பெயர்க் காரணம், திறந்த ஆண்டு, முதல் படம், கடைசிப் படம்.

2. இருக்கை வகுப்புகளும் ஒவ்வொரு காலத்திலும் இருந்த கட்டணமும். பழைய சீட்டுத் துண்டு, நோட்டீஸ், உரிமப் படிவம் கிடைத்தால் அவற்றின் படம்.

3. முகப்பு, படிக்கட்டு, தரை ஓடு, எழுத்து வடிவம், புரொஜெக்டர் அறை ஆகியவற்றின் ஒளிப்படங்கள். கட்டிய கொத்தனார் யார் என்றும் கேட்க வேண்டும்.

4. ஆபரேட்டர், சீட்டுக் கிழிப்பவர், தட்டி எழுதிய ஓவியர், முறுக்கு விற்றவர் ஆகியோரின் நினைவுகள். அவர்களின் இசைவு பெற்ற பிறகே பதிவுசெய்ய வேண்டும்.

5. எந்தெந்தக் கிராமங்களிலிருந்து மக்கள் வந்தார்கள்? எப்படித் திரும்பிப் போனார்கள்? பெண்கள் யாரோடு வந்தார்கள்? இரண்டாம் ஆட்டத்துக்கு யாரால் வர முடிந்தது, யாரால் முடியவில்லை? உள்ளே எவரையேனும் தள்ளி உட்காரச் சொன்னதுண்டா?

6. இன்று அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

ஐந்தாவது கேள்வித் தொகுதி மிக முக்கியமானது. மற்றவற்றுக்கான விடைகள் கட்டடத்திலோ காகிதத்திலோ கிடைக்கக்கூடும். இதற்கான விடை மனிதர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. தரைச் சீட்டில் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஒரே கேள்வியை ஊரிலும் காலனியிலும், ஆண்களிடமும் பெண்களிடமும் கேட்டால் விடைகள் ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாடும் வரலாறுதான்; அதையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும்.